இறுக்கு, பிடி, விடு

தொண்ணூறுகளின் நடுவில் நான் கிள்ளானில் கப்பல் சரக்குப் பத்திரங்கள் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்துவந்தேன். வீடு பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸ். கணவருக்கு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை. மகள் பினாங்கில் படித்துக்கொண்டிருந்தாள். மகன் ஜொகூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தான். காலையில் கிள்ளான் பஸ்ஸைப் பிடித்தால் போக ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு. கூட்டரசு நெடுஞ்சாலையின் நெரிசலைப் பொறுத்தது அது.

முதலில் காற்றுதான் அடங்காமல் போனது. இருமும்போது, கனமான கோப்பைத் தூக்கும்போது. பிறகு உள்ளாடையில் கறை. எதையோ தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து சம்பலை நிறுத்தினேன், காப்பியை நிறுத்தினேன். கொஞ்ச நாள் குறைந்ததுபோல் இருந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை, வேலை முடிந்து திரும்பும்போது, பஸ் சுபாங் ஜெயாவை நெருங்கிக்கொண்டிருந்தது. வயிற்றில் ஒரு புரட்டல். வழக்கமாக அதற்கும் அடுத்ததற்கும் நடுவே ஓர் அவகாசம் இருக்கும், மனிதர்கள் எல்லாருக்கும் இருப்பது. அன்று அது இல்லை. மணியை அடித்து இறங்குவதற்குள் முடிந்துவிட்டது.

சாலையோரப் பெட்ரோல் நிலையத்தில் கழிவறைச் சாவியை வாங்கிக்கொண்டு போய், பாவாடையைக் கழற்றி அலசி, பிழிந்து, ஈரத்தோடே உடுத்திக்கொண்டு வெளியே வந்தேன். கறுப்புப் பாவாடை. ஒரு டாக்சி நின்றது. ஓட்டியவர் தமிழர்.

"என்னா ஆன்டி, நனைஞ்சிருக்கீங்க? மழையே இல்லையே."

"உள்ள பைப் ஒடைஞ்சு அடிச்சிருச்சு தம்பி."

அவர் முன்சீட்டிலிருந்த நாளிதழை எடுத்துப் பின்சீட்டில் விரித்துப் போட்டார். வழி நெடுக எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கியே வைத்திருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். 

அதற்குப் பிறகு என் வாழ்க்கை மெல்ல மெல்லச் சுருங்கியது. ஒரே நாளில் அல்ல என்பதால் யாருக்கும் தெரியவில்லை. காலையில் எதுவும் சாப்பிடுவதில்லை. அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாடும் இல்லை. வீடு வந்து சேர்ந்த பிறகுதான் தட்டைத் தொடுவேன். எந்தப் பெட்ரோல் நிலையத்தில் சாவி கொடுப்பார்கள், எந்தக் கடையில் "ரோசாக்", பழுது என்று கையை ஆட்டி அனுப்பிவிடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வெளிர் நிற உடைகளைப் பெட்டியில் போட்டு மூடினேன். மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குப் பாட்டுக் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். தொண்டை சரியில்லை என்று சொல்லி விலகிக்கொண்டேன். உச்சத்தில் மூச்சைப் பிடித்துப் பாடும்போதுதான் ஆபத்து. மகள் பினாங்குக்கு வரச் சொன்னாள். வேலை அதிகம் என்றேன். இரவில் பின்னறையில் தனியாகப் படுத்துக்கொண்டேன். முதுகு வலி என்று காரணம்.

கணவர் இதையெல்லாம் எப்படிப் புரிந்துகொண்டார் என்பது, அவருடைய அண்ணன் மகள் கல்யாணத்தின்போது தெரிந்தது. கிள்ளானில் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம், என்னால் வர முடியாது, வயிறு சரியில்லை என்றேன்.

அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"எங்க வீட்டு விசேஷம்னா மட்டும் ஒனக்கு வயிறு சரியில்லாம போயிடும். போன தடவ அண்ணன் பேரப்புள்ளைக்கு ஞானஸ்நானம், வரல. அதுக்கு முந்தி அம்மா நெனவுப் பூசை, வரல. என்கூடவும் படுக்கறதில்ல. எங்கள புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிடு. நானும் மனுசந்தானே?"

"புடிக்காம இல்ல."

"பின்ன என்னா?"

"எனக்கு வெளிக்கு அடக்க முடியல. தன்னால வந்துடுது. பஸ்ல வந்துருக்கு. ஆபீஸ்ல வந்துருக்கு. பூசையில நிக்கறப்ப வந்துருக்கு. அங்க ஒங்க சனங்க முன்னாடி வந்துடுச்சுன்னா நான் என்ன செய்ய?"

கத்திச் சொன்னேன். குவார்ட்டர்ஸ் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் சற்றே குறைந்ததுபோல் இருந்தது. என் பிரமையாகவும் இருக்கலாம். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"எப்பலேர்ந்து?"

"ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்."

"நான் வேற என்னென்னமோ நெனச்சுக்கிட்டு இருந்தேன்," என்றார். 

சட்டையைப் பாதி இஸ்திரியோடு விட்டுவிட்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பொட்டலம். முதியவர்களுக்கான டயாப்பர். அதுவும் மிகப் பெரிய அளவு. என் இடுப்பை இரண்டு சுற்று சுற்றலாம்.

"மருந்துக் கடைக்காரன் அம்மாவுக்கான்னு கேட்டான். ஆமான்னுட்டேன்," என்றார்.

அவருடைய அம்மா இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். மறுநாள் இரண்டு பக்கமும் ஊக்கு குத்திக்கொண்டு கல்யாணத்துக்குப் போனேன். வாசல் ஓரமாக இரண்டு நாற்காலிகளை அவரே இழுத்துப் போட்டார். அண்ணன் வந்து முன்னால் உட்காரக் கூப்பிட்டதற்கு, "இங்கதான் காத்து வருது லா," என்று சொல்லிவிட்டார். அன்று எதுவும் நேரவில்லை.

அடுத்த வாரம் பிரிக்பீல்ட்ஸ் கிளினிக் டாக்டரிடம் போனோம். அவர் வயிற்றுப்போக்குக்கு மாத்திரை எழுதத் தொடங்கினார். கணவர் குறுக்கிட்டு, போக்கு இல்லை டாக்டர், அடக்கம்தான் இல்லை என்றார். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். பிரசவம் எப்படி என்று கேட்டார். பெரியவள் பிறந்தபோது ஆயுதம் போட்டு எடுத்தார்கள், பின்பக்கம் வரைக்கும் கிழிந்து தையல் போட்டார்கள் என்றேன். இருபது வருஷத்துக்கு முந்தின சங்கதி. அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் அதையும் இதையும் சேர்த்துப் பார்த்ததில்லை. அவர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்.

அங்கே அறுவை மருத்துவர் பரிசோதித்தார். பரிசோதனையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பக்கவாட்டில் படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சுவரில் ஒரு பல்லி இருந்தது. முடிந்ததும் அவர் ஒரு தாளில் வளையம் மாதிரி இரண்டு வட்டம் போட்டார். உள்வட்டம் தானாக மூடியிருப்பது, வெளிவட்டம் நாம் இறுக்குவது. வெளிவட்டத்தில் ஓரிடம் மெலிந்திருக்கிறது, அதற்குப் போகும் நரம்பும் பிரசவத்தின்போது இழுபட்டிருக்கிறது, வயது ஏற ஏற பலவீனம் வெளியே தெரிகிறது என்றார். வெளிநாட்டில் சிலர் முதுகுக்குக் கீழே நரம்போரம் கம்பி வைத்து, தோலுக்குள் பேட்டரியைப் புதைத்துப் பார்க்கிறார்கள், இங்கே அது இல்லை என்றார். இங்கே இருப்பது வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துத் தசையைப் பழக்குவது. அறுவை சிகிச்சைக்கு முன்னால் அதைச் செய்து பார்க்கலாம்.

"கரண்டா?" என்றார் கணவர். காலமெல்லாம் மின்கம்பிகளோடு வேலை செய்தவர். "எத்தன வோல்ட்டு டாக்டர்?"

டாக்டர் அதைச் சிகிச்சை கொடுப்பவரிடம் கேட்கச் சொன்னார்.

சிகிச்சை கொடுத்தவர் ஓர் இளம் சீனப் பெண், பிசியோதெரபிஸ்ட். அறை, தாழ்வாரத்தின் கடைசியில். ஒரு கட்டில், ஒரு திரை, மேசைமேல் சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் நுனியில் கட்டை விரல் அளவுக்கு வழுவழுப்பான ஒரு குமிழ். குமிழின் இடுப்பில் இரண்டு உலோக வளையம். அதை எங்கே வைக்க வேண்டும் என்பது பார்த்ததுமே புரிந்தது. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். அந்தப் பெண் குமிழைக் கையில் எடுத்து, தன் உள்ளங்கையில் அழுத்திப் பிடித்து, பெட்டியின் திருகைத் திருப்பினாள். அவளுடைய கட்டை விரல் தானாகத் துடித்தது.

"தெங்கோக் ஆன்டி, சாக்கிட் தக் அடா," என்றாள். பாருங்கள், வலியே இல்லை.

அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. எல்லாம் மலாயில்தான் நடந்தது. முதலில் ஊசிகள் மெதுவாகத் தொடுவதுபோல் ஒரு குறுகுறுப்பு. அவள் திருகை இன்னும் கொஞ்சம் திருப்பினாள். அப்போது என் உடம்புக்குள் எதுவோ இறுகியது. நான் இறுக்கவில்லை, அதுவாக இறுகியது. சில வினாடி பிடித்துவிட்டு விட்டது. மறுபடி இறுகியது. இருபது வருஷமாக அந்தத் தசை அங்கே இருந்ததே எனக்கு ஞாபகம் இல்லை. அழுகை வந்தது, ஏனென்று தெரியவில்லை. அவள் ஒரு டிஷ்யூவை நீட்டிவிட்டுத் திருகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு என்னையே செய்யச் சொன்னாள். "கெமுட்!" என்றாள். இறுக்கு. "தஹான், தஹான், தஹான்..." பிடி. "லெபாஸ்." விடு. சின்னத் திரையில் ஒரு பச்சைக் கோடு. நான் இறுக்கினால் அது மேலே போக வேண்டும். முதல் நாள் அது தரையிலிருந்து எழும்பவே இல்லை. தொடையை இறுக்கினேன், பல்லைக் கடித்தேன், மூச்சைப் பிடித்தேன்; அவள் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி, இது இல்லை, இது இல்லை என்றாள்.

வாராவாரம் ஒரு மத்தியானம் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். இரண்டாம் வாரமோ மூன்றாம் வாரமோ, வெளியே பெஞ்சில் டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

டீச்சரைக் கோயிலில் எல்லாருக்கும் தெரியும். தமிழ்ப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், தனியாக ஒரு பிளாட்டில் இருந்தார். கடைசி வரிசையில் பக்கவாட்டுக் கதவை ஒட்டித்தான் உட்காருவார். பூசையின் இறுதி ஆசீருக்கு முன்பே எழுந்து போய்விடுவார். யாரோடும் நின்று பேச மாட்டார். ரொம்பத் திமிர் என்று பாட்டுக் குழுப் பெண்கள் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

என்னைப் பார்த்ததும் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"முதுகு வலி," என்றார்.

"எனக்கும் முதுகுதான் டீச்சர்," என்றேன்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. பிசியோதெரபிஸ்ட் எங்கள் இருவரையும் பார்த்துப் புன்னகைத்து, இன்று வீட்டில் பயிற்சி செய்தீர்களா, கெமுட் செய்தீர்களா என்று பொதுவாக இருவரையும் கேட்டாள். டீச்சர் குடையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"ஒங்களுக்கு எத்தன நாளா?" என்று டீச்சர்தான் கேட்டார்.

சொன்னேன். அவருக்கு அதைவிட ரொம்பக் காலம். இளம் வயதில் மூலத்துக்கு அறுவை செய்தபோது தசை வெட்டுப்பட்டுவிட்டது. பள்ளியில் வேலை பார்த்த நாள் முழுக்க, ஆசிரியர் கழிவறைக்குப் பக்கத்து வகுப்பாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் பதவி வந்தபோது வேண்டாம் என்றார், கல்வி இலாகாக் கூட்டங்களில் மணிக்கணக்காக உட்கார வேண்டுமே என்று.

"கல்யாணமும் அதனாலதானா?" அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

"அது வேற கத. ஆளு சரியில்ல," என்றார் டீச்சர்.

அதிலிருந்து நாங்கள் ஒரே நாளில் நேரம் வாங்கிக்கொண்டோம். சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரி கேன்டீனில் ஆளுக்கொரு மைலோ குடிப்போம். கழிவறை பத்தடியில் இருந்ததால் அங்கே மட்டும் தைரியமாகச் சாப்பிட முடிந்தது. டீச்சர் வாயைத் திறந்தால் ஊர்ச் சங்கதி எல்லாம் வரும். நன்றாகச் சிரிப்பார். கோயிலில் பார்த்தால் மட்டும் இருவரும் தலையசைப்பதோடு சரி. அப்படி ஓர் ஏற்பாடு, பேசி வைத்துக்கொண்டது அல்ல.

சில வாரங்களில் என் பச்சைக் கோடு எழும்பத் தொடங்கியது. வீட்டுக்கு எடுத்துப்போக பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி ஒன்றை இரவல் கொடுத்தார்கள். வேலை முடிந்து வந்து அறையைத் தாழிட்டுக்கொண்டு படுப்பேன். கணவர் முதல் நாளே அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார். நான் விடவில்லை. ஒரு நாள் அவருடைய அண்ணி வந்து மேசைமேல் அதைப் பார்த்துவிட்டு, "என்னா இது, புது ரேடியோவா?" என்று கேட்டார். கணவர் முகத்தில் சலனமே இல்லாமல், "ஆமா அண்ணி, ஸ்டேசன் சரியா கெடைக்கல, ரிப்பேருக்குக் குடுக்கணும்," என்றார்.

நான் முழுதாகக் குணமாகவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். புரட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருந்த அவகாசம் கொஞ்சம் திரும்பி வந்தது, அவ்வளவுதான். முன்பு ஒன்றுமே இல்லை. இப்போது ஒரு பஸ் நிறுத்தம் அளவுக்கு இருந்தது. வயிறு இளகியிருக்கும் நாட்களில் அதுவும் போதாது. ஆனால் காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனேன். அந்த நேரத்தில் கிள்ளானுக்கு மின்சார ரயில் விட்டார்கள். ரயிலில் கழிவறை இல்லை, ஆனால் நிலையங்களில் இருந்தது, நெரிசலும் கிடையாது. அதற்கு மாறிக்கொண்டேன். பின்னறையில் படுப்பதையும் விட்டேன்.

டீச்சருக்கு அந்தப் பெட்டி ஒன்றும் செய்யவில்லை. மின்சாரம் கொடுத்தால் இறுகுவதற்கு அங்கே போதிய தசை இருக்க வேண்டும். அவருடைய கோடு வாரக்கணக்கில் தரையிலேயே கிடந்தது. பிசியோதெரபிஸ்ட் பெண் ஒவ்வொரு வாரமும் ஒயரை மாற்றிப் பார்த்தாள், பெட்டியை மாற்றிப் பார்த்தாள். கடைசியில் ஒரு நாள் டீச்சர், அந்தப் பெண்ணின் கையைத் தட்டிக் கொடுத்து, "சுக்குப் லா," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். போதும் என்று.

கேன்டீனில் மைலோ வந்த பிறகு சொன்னார்: "டாக்டர் பை வைக்கலாங்கிறாரு. வயித்துல ஓட்ட போட்டு, கொடல வெளிய எடுத்து, அதுல பை. பின்பக்கம் ஒரு வேலையும் இல்ல."

நான் பதறிப்போனேன். வேண்டாம் டீச்சர், இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றேன். எனக்குப் பலித்தது அவருக்கும் பலிக்கும் என்று என்னென்னவோ சொன்னேன்.

"ஒங்களுக்குப் பலிச்சுது, சந்தோஷம்," என்றார். "நான் முப்பது வருசமா கதவுப் பக்கத்துலயே ஒக்காந்துருக்கேன். எனக்கு அலுத்துப்போச்சு."

அறுவை நடந்தபோது நான்தான் துணைக்கு இருந்தேன். தம்பி குடும்பத்திடம் குடலில் கட்டி என்று சொல்லியிருந்தார். முதல் சில வாரம் கஷ்டப்பட்டார். பை கழன்றது, தோல் புண்ணானது, ஒரு நாள் பிளாட்டின் குளியலறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுததை நானே பார்த்தேன். நான் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று அப்போது நினைத்தேன். அதன் பிறகு அவருக்குக் கை பழகிவிட்டது. தொளதொளப்பான பஞ்சாபி உடை தைத்துக்கொண்டார். எனக்குத் தெரியாமலே மலாக்கா போய் வந்தார். கேமரன் மலைக்குப் போய் வந்தார். திடீரென்று ஒரு நாள் போன் செய்து, ஜூலையில் வடக்கே புக்கிட் மெர்தாஜாம் கோயில் திருவிழாவுக்குப் பஸ் போகிறது, இரண்டு சீட் எழுதிவிட்டேன் என்றார்.

"பஸ்ஸா? என்னால முடியாது டீச்சர். அவ்வளவு தூரம்."

"ஹைவேல ஓய்விடம் இருக்கு. டிரைவர்கிட்ட நான் பேசிட்டேன். ஒருத்தருக்கு ஒடம்பு சரியில்ல, கேட்டா நிறுத்தணும்னு. ஒங்க பேரு சொல்லல."

கணவர் போய் வா என்றார். காலையில் கிளம்பினோம். வழியில் இரண்டு தடவை நிறுத்தச் சொன்னேன். பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. ஈப்போ தாண்டியதும் எல்லாரும் தூங்கிவிட்டார்கள்.

புக்கிட் மெர்தாஜாமில் தாங்க முடியாத கூட்டம். மலைமேல் சிலுவைப் பாதைக்கு ஏறிக்கொண்டிருந்தோம். பாதி ஏறும்போது வயிறு புரட்டியது. இறுக்கினேன், பிடித்தேன். டீச்சரிடம் கண்ணைக் காட்டிவிட்டுக் கீழே இறங்கினேன். பெண்கள் கழிவறைக்கு முன்னால் வரிசை வளைந்து கிடந்தது. என்னிடம் இருந்த அவகாசம் அந்த வரிசைக்குப் போதாது.

முன்னால் நின்ற பெண்ணிடம் சொன்னேன்: "அக்கா, எனக்கு நரம்புக் கோளாறு. வெளிக்கு அடக்க முடியாது. என்ன முன்னுக்கு விடுங்க."

அவள் ஒதுங்கினாள். அதற்கு முன்னால் நின்றவளிடமும் அதையே சொன்னேன். ஒரு சீனப் பெண்மணியிடம் மலாயில் சொன்னேன். "எல்லாருக்கும் அவசரந்தான்," என்று யாரோ பின்னாலிருந்து முணுமுணுத்தது கேட்டது. கதவு திறந்தது, உள்ளே போனேன். சரியான நேரம்.

வெளியே வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, பட்டுப் பாவாடை போட்ட ஒரு சிறுமியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண் என் பக்கத்தில் வந்தாள். முப்பது வயதிருக்கும். குழாயைத் திறந்தாள், மூடினாள்.

"அக்கா, நீங்க சொன்ன நரம்புக் கோளாறு... அதுக்கு எங்க பாத்தீங்க?" என்று மிக மெதுவாகக் கேட்டாள்.

கூட்டத்திலிருந்து அவளைக் கொஞ்சம் தள்ளி, ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். எந்த டாக்டரிடம் கடிதம் வாங்க வேண்டும், என்ன கேட்பார்கள், என்ன செய்வார்கள் என்று சொன்னேன். வலிக்குமா என்றாள். வலிக்காது, வெட்கமாக இருக்கும், அதுவும் முதல் இரண்டு தடவைதான் என்றேன். அவளுடைய மகள் ஐஸ் வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.